சூடு மிதிக்கும் கால்

கல்முனைக் கரையிலும் அதனைச் சூழ்ந்த வயல்நாட்டிலும் "சூடு மிதித்தல்" என்ற தொடருக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. அறுத்த நெற்கதிர்களைக் களத்திலே சூடாகக் குவித்து, மாடுகளைப் பிணைத்து அவற்றின்மேல் நடத்தி, கதிரிலிருந்து மணியைப் பிரித்தெடுக்கும் தொழில் அது. உழவு இயந்திரமும் அதன்பின் அறுவடை இயந்திரமும் வந்து மாடுகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன. சொல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் உலகம் வேறொரு சூட்டையும் மிதிக்கக் கற்றுக்கொண்டது. அது பீரங்கிச் சூடு. கையால் திரி வைத்தும், கயிறு இழுத்தும், விசையை விரலால் அழுத்தியும் சுட்டுவந்த மனிதன், ஒரு காலகட்டத்தில் அந்தப் பொறுப்பைக் கையிலிருந்து எடுத்துக் காலிடம் ஒப்படைத்தான். அம்மாற்றம் ஏன் நேர்ந்தது, எவ்வாறு நேர்ந்தது என்பதும், 1942ஆம் ஆண்டிலே இந்தக் கரைக்கு நேர் எதிரேயுள்ள கடலில் நடந்த அழிவோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பதுமே இப்பேச்சின் பொருள்.

பழைய பீரங்கிக்குக் கால் ஒருபோதும் பயன்பட்டிருக்க முடியாது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பினர். பத்தாண்டு கழிந்து 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அக்காலத்துப் பீரங்கியின் பின்புறத்தே ஒரு சிறு துளை இருக்கும். அத்துளையில் மருந்தைத் தூவி, நீண்ட கோலொன்றின் நுனியிலே புகைந்துகொண்டிருக்கும் திரியைக் கொண்டுபோய் வைப்பார்கள். கோல் நீண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வெடித்த மறுகணமே பீரங்கி தன் வண்டியோடு பின்னுக்குப் பாயும். அதன் பின்னால் நின்றவன் நசுங்கிப்போவான்; பக்கத்தில் நின்றவனும் விலகி நிற்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானியக் கடற்படையினர் திரிக்குப் பதிலாகச் சக்கிமுக்கிக் கல் பொருத்திய பூட்டினைப் பீரங்கியில் அமைத்து, அதிலே கட்டிய கயிற்றைத் தூரத்தில் நின்று இழுத்தார்கள். கோல் போய்க் கயிறு வந்ததேயன்றி, சுடுபவன் விலகி நிற்க வேண்டிய நிலை மாறவில்லை. பாய்ந்து ஓடும் ஒரு பொருளின்மேல் எவன் காலை வைப்பான்?

இந்நிலையை மாற்றியது 1897ஆம் ஆண்டுப் பிரெஞ்சு 75 மில்லிமீற்றர் பீரங்கியாகும். அதிலே குழாய் மட்டும் பின்னே சென்று, எண்ணெயும் அழுத்தக் காற்றும் அடைத்த உருளைகளின் துணையால் மீண்டும் தன் இடத்திற்கு வந்து நின்றது; வண்டி அசையவில்லை. படைத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இதனை விரைவான சூட்டுக்கு வழிவகுத்த புதுமை என்று போற்றுவர். அது உண்மையே. எனினும், அதைவிடச் சிறிதாகத் தோன்றும் வேறொரு விளைவும் அதனால் உண்டாயிற்று. பீரங்கி அசையாமல் நின்றபடியால் மனிதன் அதன்மேல் ஏறி உட்கார முடிந்தது. உட்கார்ந்தவனுக்குக் கால் வைக்க ஓரிடம் வேண்டும். காலுக்கு ஓரிடம் கிடைத்ததும், அதற்கு ஒரு வேலையும் கிடைப்பதற்கு அதிக காலம் செல்லவில்லை.

அந்த வேலையைக் கொடுத்தது ஆகாய விமானம். தரையில் நிற்கும் இலக்கைக் குறிபார்ப்பவனுக்கு அவகாசம் உண்டு. குழாயைத் திருப்பி, உயர்த்தி, நிறுத்தி, பின்பு கையை எடுத்து விசையை இழுக்கலாம். வானிலே பறப்பதைச் சுடுபவனுக்கு அந்த "பின்பு" என்பதே கிடையாது. இரண்டாம் உலக யுத்தத் தொடக்கத்திலிருந்த குண்டு விமானம் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 100 மீற்றர் தூரம் பறந்தது. தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்தை அது ஒரு விநாடியிலே கடந்துவிடும். குண்டு போய்ச் சேரவும் இரண்டொரு விநாடி செல்லும். ஆகவே, விமானம் இருக்கும் இடத்தை விட்டு, அது இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். சுடும்போதும் குழாய் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயைத் திருப்பும் கைச்சக்கரங்களை ஒரு கணமேனும் விட்டால் குறி தவறிவிடும். இரண்டு கைகளும் இவ்வாறு சிறைப்பட்டுவிட்டன. எஞ்சியது கால்.

கையிருக்கக் கால் எதற்கு என்று கேட்பவர்கள் மருதமுனைக்குச் சென்று ஒரு குழித்தறியின் முன் சிறிது நேரம் நின்றால் போதும். நெசவாளி குழியிலே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவைப் பாயவிடுகிறது. மற்றக் கை பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது. பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிட வேண்டுமே, அதை யார் செய்வது? கண்ணுக்குத் தெரியாத குழிக்குள்ளே கால்கள் செய்கின்றன. ஒரு மிதி இறங்க மறுமிதி ஏறும். கண் துணியிலே இருக்கும், கை நாடாவிலே இருக்கும், கால் தன்பாட்டில் தாளம் தப்பாமல் நடந்துகொண்டிருக்கும். தறி மிதிக்கும் ஒருவரிடம் இப்பொழுது எந்தக் காலை அழுத்துகிறீர் என்று கேட்டால், வேலையை நிறுத்திவிட்டுத்தான் அவர் விடை சொல்ல வேண்டியிருக்கும். உடலுக்குப் பழக்கமான ஒன்றை மனம் கவனிக்கத் தேவையில்லை. பீரங்கி அமைத்த பொறியியலாளர்கள் எந்த நெசவாளியிடமும் பாடம் கேட்டதாகச் சொல்ல இடமில்லை. ஆயினும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நெசவாளி அறிந்திருந்த உண்மை ஒன்றையே அவர்களும் கண்டடைந்தனர்: கண்ணும் கையும் ஓரிடத்தில் முழுமையாகக் கட்டுண்டிருக்கும்போது, வேறொரு காரியத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க உறுப்பு கால்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் கருத வேண்டும். கல்முனைக் கடைத்தெருவிலே தையற்காரர் மிதித்த சிங்கர் இயந்திரத்துக்குக் கால் வலிமையைக் கொடுத்தது. கால் நின்றால் சக்கரம் நின்றுவிடும். பீரங்கியின் மிதிக்குக் கால் கொடுப்பது வலிமையை அன்று, அனுமதியை. வலிமை முழுவதும் வெடிமருந்திலேயே இருக்கிறது. இலேசாக அழுத்தும் ஒரு பாதத்துக்கும், அதனால் நிகழும் அழிவுக்கும் இடையே எந்தவித அளவுப் பொருத்தமும் இல்லை.

கால்மிதிப் பீரங்கிகளுள் உலகம் முழுவதும் பரவிப் பெயர் பெற்றது சுவீடன் நாட்டுப் போபர்ஸ் நிறுவனத்தின் 40 மில்லிமீற்றர் விமான எதிர்ப்புப் பீரங்கி. 1928இல் சுவீடன் கடற்படையின் வேண்டுகோளின்பேரில் தொடங்கிய வேலை, முப்பதுகளின் தொடக்கத்திலே வெற்றி கண்டது. நடுநிலை நாடொன்றின் தொழிற்சாலையில் பிறந்த இக்கருவியை யுத்தத்தின்போது எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற நாடுகள் இரண்டும் பயன்படுத்தின. பிரித்தானியா 1937இல் இதனை வாங்கத் தொடங்கிப் பின்னர் தானே செய்தது. அமெரிக்காவிலே மோட்டார் வண்டி செய்த கிறைஸ்லர் நிறுவனம் பல்லாயிரக்கணக்கில் இதனை உருவாக்கித் தள்ளியது. ஏறத்தாழ இரண்டு தொன் எடையுள்ள இப்பீரங்கி நான்கு சக்கரங்களில் இழுத்துச் செல்லப்படும். போர்முனையில் சக்கரத்தை உயர்த்திச் சிலுவை வடிவான கால்களில் நிறுத்தப்படும். அவசர வேளையில் சக்கரத்தில் நின்றபடியே சுடவும் முடியும்.

இதன் இயக்கத்தைச் சற்று விரித்துரைப்பது தகும். குழாயின் இரு பக்கத்தும் இரண்டு வீரர்கள் இருக்கைகளில் அமர்ந்திருப்பர். ஒருவர் பீரங்கியை இடவலமாகத் திருப்புவார். மற்றவர் குழாயை மேல்கீழாக அசைப்பார். இருவருக்கும் இரு கைகளிலும் வேலை. அவர்களுக்குப் பின்னே மேடையிலே நிற்பவர் குண்டூட்டுபவர். நான்கு குண்டுகள் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு ஏறத்தாழ 9 கிலோகிராம் எடை. பீரங்கி நிமிடத்துக்கு 120 குண்டு என்ற வேகத்தில் சுடுமாயின், அந்தக் கட்டு இரண்டே விநாடியில் தீர்ந்துவிடும். எனவே, கீழிருந்து ஒருவர் நீட்டும் கட்டை வாங்கி, மேலிருந்து வாய்க்குள் இறக்கி, உடனே அடுத்ததற்குத் திரும்ப வேண்டும். பிரித்தானியப் படையின் பயிற்சி முறையிலே, இத்தனை வேலையுள்ள இவரே மிதியை அழுத்திச் சுடுபவருமாவார்.

முதலில் கேட்பவருக்கு இது விந்தையாகத் தோன்றும். குறிபார்ப்பவர் சுடுவதில்லை, சுடுபவர் குறிபார்ப்பதில்லை. ஆனால், இந்தப் பிரிவினைக்குள்ளே நல்ல நியாயம் இருந்தது. பீரங்கியின் வாயில் குண்டு இருக்கிறதா, அடுத்த கட்டு வந்துவிட்டதா என்பதைக் குண்டூட்டுபவரைவிட அறிந்தவர் வேறு எவருமில்லை. மேலும், அந்த மிதி நேரே வெடிமருந்தைக் கொளுத்துவதில்லை. அது அழுத்தப்படும்போது, தட்டிலே காத்திருக்கும் குண்டைக் குழாய்க்குள் தள்ளும் பொறியின் தடை நீங்குகிறது. குண்டு உள்ளே பாய, பின்கதவு மூடிக்கொள்ள, மூடிய மாத்திரத்திலே வெடி தானாகவே நிகழ்கிறது. வெடியின் எதிர்விசையால் பின்னே செல்லும் குழாய் கதவைத் திறந்து, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த குண்டைத் தட்டுக்கு இறக்குகிறது. மிதி அழுந்தியிருக்குமட்டும் இது தொடரும். காலை எடுத்ததும், அடுத்த குண்டு தட்டிலேயே நின்றுவிடும்; சூடேறிய குழாய்க்குள்ளே குண்டு தங்கியிருக்கும் அபாயம் இல்லை. அறியாமல் கால் பட்டுச் சூடு கிளம்பிவிடாதிருக்கத் தனியாக ஒரு நெம்புகோலும் உண்டு. அதனை ஒரு நிலையில் வைத்தால் பூட்டு, ஒரு நிலையில் ஒற்றைச் சூடு, மற்றொரு நிலையில் தொடர் சூடு.

ஆக, காலால் சுடுவது என்று எளிதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் ஐந்தாறு பேரின் கைகளும் ஒருவரின் பாதமும் சேர்ந்தே ஒரு சூடு பிறந்தது. விமானம் விழுந்தால், வீழ்த்தியவர் யார் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். தவறான விமானம் விழுந்தாலும் அவ்வாறே. பழங்காலத்துப் பீரங்கிக்காரன் தன் கையால் திரி வைத்தான். செய்தது தான் என்பதை அவன் அறிவான். புதிய முறையிலே அந்த அறிவு ஆறு பேருக்குள் பங்கிடப்பட்டுக் கரைந்துவிட்டது. இதனை முன்னேற்றமென்று மாத்திரம் எண்ணுவது பொருந்தாது.

கால்மிதி போபர்ஸோடு நிற்கவில்லை. ஜேர்மனியர் 20 மில்லிமீற்றர்க் குழாய்கள் நான்கை ஒரே பீடத்திலே பொருத்தியபோது, இரண்டு மிதிகளை வைத்தனர். ஒவ்வொரு மிதியும் மூலைக்கு மூலையாக எதிரெதிரே உள்ள இரண்டு குழாய்களைச் சுடும். ஒரு சோடி சுடும்போது மறுசோடிக்குக் குண்டு மாற்றிக்கொள்ளலாம். குழித்தறியின் இரண்டு மிதிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. யுத்தத் தாங்கிகளுக்குள்ளும் கால் இடம்பிடித்தது. இரசியரின் டி-34 தாங்கியிலே குறிபார்ப்பவரின் காலடியில் பெரும் பீரங்கிக்கு ஒன்றும் அதனோடு இணைந்த இயந்திரத் துப்பாக்கிக்கு ஒன்றுமாக மிதிகள் இருந்தன. அமெரிக்கரின் சேர்மன் தாங்கியில் அவை தரையில் பதித்த மின்பொத்தான்களாயின. ஜேர்மனியரின் டைகர்த் தாங்கியிலோ பெரும் பீரங்கி கைவிசையிலேயே இருக்க, இயந்திரத் துப்பாக்கியை ஒரு கால் சுட்டது. மற்றக் கால் கோபுரம் முழுவதையும் திருப்பியது. நான்கு உறுப்புகளுக்கும் நான்கு வேலை கொடுத்து, மனிதனைப் பொறியோடு ஒரு பொறியாகப் பிணைத்த அமைப்பு அது. நெருக்கமான இரும்பறைக்குள் வேறு வழியில்லை என்று கூறுவர்.

இனி, இந்தக் கரைக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்திலே இரங்கூனும் அந்தமான் தீவுகளும் யப்பானியர் கைக்குப் போயின. பர்மா அரிசி வருவது நின்றுபோனதால், உணவுக்கு அதனையே நம்பியிருந்த இலங்கை திகைத்தது. கிழக்கின் நெல் வயல்கள் அன்றுவரை காணாத முக்கியத்துவத்தைப் பெற்றன. கல்முனை அப்பொழுது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேதான். துறைமுகங்களின் காவலுக்கென விமான எதிர்ப்பு அணிகள் அவசர அவசரமாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. உயரத்திலே பறப்பவற்றைச் சுட 3.7 அங்குலப் பெரும் பீரங்கி; தாழப் பறந்து பாய்பவற்றைச் சுட, கால்மிதியுடைய 40 மில்லிமீற்றர் போபர்ஸ்.

ஏப்ரில் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா விமானமொன்று, இலங்கையை நோக்கி வரும் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அதனைச் செலுத்திய கனேடிய அதிகாரி லெனார்ட் பேர்ச்சலும் அவருடன் சென்றோரும் சுடப்பட்டு விழுந்தனர்; பேர்ச்சலும் உயிர் தப்பிய மற்றோரும் சிறைப்பட்டனர். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் அட்மிரல் நகுமோ வந்திருந்தார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, ஏப்ரில் 9ஆந் திகதி வியாழக்கிழமை காலையில், திருகோணமலையின் முறை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. கரையிலிருந்த பீரங்கிகள் வானத்தைத் துளைத்தன. சூறிக்கேன் விமானங்கள் எழுந்து போரிட்டன. இரு பக்கத்திலும் விமானங்கள் விழுந்தன. துறைமுகத்திலே நின்ற சகாயிங் என்னும் கப்பல் எரிந்தது. எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது யப்பானிய விமானமொன்று மோத, அது பல நாட்கள் எரிந்தது.

1942 என்றதும் பலருக்கு நினைவு வருவது கொழும்பு. சிறிது மேலும் அறிந்தோர்க்குத் திருகோணமலை. அன்று மிகுதியான உயிர்கள் போனது இவ்விரண்டு இடத்திலுமன்று என்பதை நினைவூட்டுவோர் குறைவு.

முதல் நாள் இரவே, தாக்குதல் வருமென்று அறிந்து, ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலியாவின் வாம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலும் திருகோணமலையை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்டிருந்தன. கரையோரமாகச் சென்று, விடிந்த பின் திரும்பி வடக்கே வந்துகொண்டிருந்த வேளையில், மட்டக்களப்புக்கு அருகே யப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹெர்மிஸ். கட்டத் தொடங்கிய ஆண்டு 1918. ஆனால் அன்று அதிலே போரிட ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. காலை பத்தரை மணியளவிலே எண்பதுக்கு மேற்பட்ட இறங்குகுண்டு விமானங்கள் வந்தன. திருகோணமலையின் விமானத் தளமோ சற்று முன்னரே அடிபட்டிருந்தது. உதவி உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.

கப்பலிலே பீரங்கிகள் இருந்தன. 5.5 அங்குலப் பீரங்கிகள் கடலிலுள்ள எதிரிக்கென அமைந்தவை. வானத்தை நோக்கிச் சுட, கையால் குண்டூட்டும் 4 அங்குலப் பீரங்கிகள் சிலவும், 20 மில்லிமீற்றர் ஓர்லிக்கன்கள் சிலவும் மாத்திரமே. ஓர்லிக்கனைச் சுடுபவன் தோளை அதிலே பதித்து, உடம்பை வாரினால் பிணைத்து, கைவிசையை அழுத்திச் சுடுவான். தைரியமுள்ளவனுக்கு ஏற்ற ஆயுதம். ஆனால் அதன் குண்டு எட்டும் தூரம் குறைவு. குண்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் விமானத்தை அது சில வேளை வீழ்த்தும். குண்டு போடுமுன் தடுப்பது அரிது. அந்த இடைவெளியை நிரப்பவே 40 மில்லிமீற்றர்ப் பீரங்கி தேவைப்பட்டது. அது அன்று ஹெர்மிஸில் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தைக் காக்கும் எந்தப் பீரங்கியாலும், ஓரிரண்டு மைல் தூரத்துக்கு அப்பால் பயனுள்ளவாறு தாழப் பறக்கும் விமானத்தைச் சுட இயலாது. ஹெர்மிஸோ அறுபதுக்கு மேற்பட்ட மைல் தெற்கே நின்றது.

இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்குமா? அவ்வாறு கூறிவிட முடியாது. நான்கு நாள் முன்னர் இலங்கைக்குத் தெற்கே டோர்செற்சயர், கோண்வோல் என்னும் இரண்டு பெரும் கப்பல்கள் அதே விமானிகளின் கையில் சில நிமிடங்களிலே மூழ்கின. காவல் விமானம் இல்லாத கப்பலை எந்தப் பீரங்கியும் அன்று முழுமையாகக் காத்திருக்காது என்பதே நடுநிலையாளர் ஏற்கும் முடிவு. ஆயினும், அடுத்த மூன்று ஆண்டுகளிலே கடற்படைகள் கப்பல்களின் தளங்களிலே 40 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளை இடமிருந்த இடமெல்லாம் நாட்டியது, இத்தகைய காலைகளின் பாடத்தினாலேதான்.

ஹெர்மிஸ் அடுக்கடுக்காகக் குண்டுகள் விழுந்து சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பல் தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வாம்பயர் இரண்டாகப் பிளந்து அமிழ்ந்தது. அண்மையிலே சென்றுகொண்டிருந்த வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் வந்து, நீரிலே தத்தளித்தோரில் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. சிவப்புப் பிறை போன்றே செஞ்சிலுவையும் காக்கும் சின்னமன்றோ. மீட்பு வேலை நடக்கும்போது விமானங்கள் அந்தக் கப்பலைத் தாக்கவில்லை.

விமானங்களில் ஒரு பகுதி அருகே நின்ற மற்றக் கப்பல்களைத் தேடிச் சென்றது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. அதற்கும் தெற்கே, அதெல்ஸ்டேன் என்னும் இன்னொரு எண்ணெய்க் கப்பல், ஹொலிஹொக் என்னும் சிறு காவற் கப்பலோடு சென்றுகொண்டிருந்தது. ஹொலிஹொக் பூவின் பெயர். பிரித்தானியர் அவ்வகைக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் பூக்களின் பெயரையே சூட்டினர். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென மலிவாகவும் விரைவாகவும் கட்டப்பட்டவை அவை. முன்புறத்தே ஒரு 4 அங்குலப் பீரங்கி, வேறு சில சிறு கருவிகள். வானத்திலிருந்து பாய்பவற்றோடு போரிட அவற்றை எவரும் கட்டவில்லை. இரண்டு கப்பல்களும் மூழ்கின. அதெல்ஸ்டேனின் மாலுமிகள் தப்பினர். ஹொலிஹொக்கின் மாலுமிகளுள் பெரும்பாலோர் தப்பவில்லை.

அது மூழ்கிய இடம் மட்டக்களப்புக்குத் தென்-தென்கிழக்கே ஏறத்தாழ 30 கடல் மைல் என்று குறிக்கப்பட்டுள்ளது. தேசப்படத்தை விரித்து அந்த இடத்திலே விரலை வைத்துப் பார்த்தால், மேற்கே நேராக நிற்பவை சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்கள். முன்மாரி அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்திருந்த காலம். நபிகள் நாயகம் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தின் பிற்பகுதி. கரைவலைத் தோணிகள் நாளும் இறங்கும் அதே கடல். வெளிநாட்டார் எழுதும் நூல்களில் அது "மட்டக்களப்புக்கு அப்பால்" என்ற ஒற்றைத் தொடரோடு முடிந்துவிடுகிறது. இக்கரையின் ஊர்ப் பெயர்கள் அவற்றிலே இடம்பெறுவது அரிது. தம் வாசலிலே நடந்ததைத் தம் பெயரால் குறித்து வைப்பது இவ்வூர்ப் பள்ளிக்கூடங்கள் செய்யத்தக்க வேலை. பிறர் செய்து தருவார்கள் என்று காத்திருப்பது வீண்.

யுத்தம் முடிந்த பின்னும் கால்மிதிப் பீரங்கி இலங்கையை விட்டு அகலவில்லை. 1949ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சுதந்திர இலங்கையின் நிரந்தரப் படை நிறுவப்பட்டபோது, அதன் பீரங்கிப் பிரிவு விமான எதிர்ப்பு அணியாகவே தொடங்கிற்று, 3.7 அங்குலப் பீரங்கியும் 40 மில்லிமீற்றர்ப் பீரங்கியுமே அதன் ஆயுதங்கள். 1942ஐக் கண்ட ஒரு நாடு, முதலில் வானத்துக்கே அஞ்சியதில் வியப்பில்லை. பின்னர் வந்த உள்நாட்டுக் கலகங்களில் ஆபத்து பெரும்பாலும் வானத்திலிருந்து வரவில்லை. பீரங்கிகளின் குழாய்கள் நிலத்தை நோக்கித் தாழ்ந்தன. அது வேறொரு வரலாறு.

உலகின் பிற இடங்களில் போபர்ஸின் ஆயுள் இன்னும் நீண்டது. 1965இல் இந்திய பாகிஸ்தான் யுத்தத்தில் அது சுட்டது. 1982இல் போக்லந்துத் தீவுகளின் கடலிலே பிரித்தானியக் கப்பல்களில் நின்றும் சுட்டது. அதற்கிடையில், குறியைத் தானே கணிக்கும் கருவிகளும், இலக்கை நெருங்கியதும் வெடிக்கும் குண்டுகளும், வழிதேடிச் செல்லும் ஏவுகணைகளும் வந்துவிட்டன. கைச்சக்கரங்களை மின்விசை சுழற்றத் தொடங்கியதும் வீரனின் கைகள் மீண்டும் விடுதலை பெற்றன. விடுதலை பெற்ற கைக்கு அருகிலே பொத்தான் வந்தது. காலுக்கு அந்தப் பணி வந்ததும் விமானத்தின் வேகத்தால். போனதும் அதே வேகத்தால்தான். மனிதக் கையும் காலும் எவ்வளவு ஒத்துழைத்தாலும் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தை விமானங்கள் அடைந்துவிட்டன.

திருகோணமலையில் எரிந்த சகாயிங் கப்பலின் உடலை 2018ஆம் ஆண்டு இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் நீரிலிருந்து மேலே கொணர்ந்தனர். ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் பக்கவாட்டிலே சாய்ந்து கிடக்கிறது. அதன் பீரங்கிகளைப் பார்க்கத் தூர தேசங்களிலிருந்து சுழியோடிகள் வந்து போகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்லும் படகுகளைச் செலுத்துவோர் இக்கரையின் மீனவர்களே. அதற்குத் தெற்கே ஹொலிஹொக் கிடக்கும் கடலில், இரவு வேளைகளில் கல்முனைத் தோணிகளின் விளக்குகள் தெரிகின்றன.